நவுன் அட்டைப்பெட்டி: அட்டை நல்ல அட்டை, விதிதான் தகராறு

பெட்டியின் மேல் 349 ரூபாய் என்று அச்சிட்டிருக்கிறது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் 300-க்குக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் இலக்கணத்தில் பெயர்ச்சொல் கற்றுக்கொடுக்கிற பெட்டி. உள்ளே 80 அட்டைகள்: 'சிட்டி' மாதிரி வகையைச் சொல்லும் காமன் நவுன் 40, 'சென்னை' மாதிரி வைத்த பெயரைச் சொல்லும் ப்ராப்பர் நவுன் 40. கூடவே 'கோல்டன் ரூல்ஸ்' என்று ஒரு பெரிய அட்டை, தமிழ் விளக்கத்தோடு சின்னதாக ஒரு புத்தகம், பிரித்துப் போட இரண்டு காகிதத் தட்டுகள். தயாரித்தவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த மாதிரிப் பெட்டிகளை நாலைந்து கம்பெனிகள் போடுகின்றன, உள்ளே சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இந்த விமர்சனம் முடியும்வரை அது 'கம்பெனி' என்ற காமன் நவுனாகவே இருக்கட்டும்.

நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, தமிழ் மீடியம் பிள்ளைகளும் மெட்ரிக் பிள்ளைகளும் ஒரே பாயில்தான் உட்காருவார்கள். காமன் நவுன், ப்ராப்பர் நவுன் பாடம் எல்லா வகுப்பிலும் ஏதாவது ஒரு வடிவில் திரும்ப வரும். வரும்போதெல்லாம் பிள்ளைகள் அதே இடத்தில்தான் தடுமாறுவார்கள். அட்டையைக் கையில் எடுத்து விளையாடினால் நிற்குமா என்றுதான் வாங்கினேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டைகள் தடிமனானவை, மூலைகளை உருட்டி வெட்டியிருக்கிறார்கள், லேமினேஷன் உரியவில்லை. முறுக்கு தின்ற கையோடு பிடித்தாலும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். படங்கள் தெளிவு. எழுத்து பெரிது, பாயின் அந்தக் கடைசியில் இருக்கிற பையனும் படிக்கலாம். இந்த விலைக்கு அச்சில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

குறை அட்டையின் ஓரத்தில் தொடங்குகிறது. காமன் நவுனுக்கெல்லாம் நீல பார்டர், ப்ராப்பர் நவுனுக்கெல்லாம் மஞ்சள் பார்டர். அழகாக இருக்கட்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். இரண்டு தட்டிலும் அட்டைகளைப் பிரித்துப் போடச் சொன்னால், மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அரை நிமிடத்தில் போட்டு முடித்தான். 'ரிவர்' என்றால் என்ன என்று கேட்டேன், தெரியவில்லை. நீலத்தை நீலத்தோடு வைத்திருக்கிறான், அவ்வளவுதான். இங்கிலீஷே தெரியாத குழந்தை நூற்றுக்கு நூறு வாங்கும் பரீட்சையை 300 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறோம். பார்டரின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். நீங்களும் வாங்கினால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

ஸ்டிக்கர் ஒட்டியும் பாதிதான் சரியானது. 'சிட்டி' அட்டையில் சின்ன சி, 'சென்னை' அட்டையில் பெரிய சி. முதல் எழுத்தைப் பார்த்தாலே விடை வந்துவிடுகிறது, மீதியை யார் படிப்பார்கள்? கோல்டன் ரூல்ஸ் அட்டையின் முதல் விதியும் அதையேதான் சொல்கிறது: கேப்பிட்டல் லெட்டரில் தொடங்கினால் ப்ராப்பர் நவுன். இது தலைகீழ். ப்ராப்பர் நவுன் என்று தெரிந்தபிறகு போட வேண்டியதுதான் கேப்பிட்டல். பரீட்சையில் கட்டுரை எழுதும்போது பெரிய எழுத்தை யாரும் முன்கூட்டியே போட்டுத் தர மாட்டார்கள். எங்கே போடுவது என்று பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும், அதற்கு இந்த விதி எந்த உதவியும் செய்யாது. வாக்கியத்தின் முதல் வார்த்தைக்கும் பெரிய எழுத்து வருமே, அது என்ன நவுன்? 'நான்' என்று சொல்லும் ஒற்றை எழுத்து 'ஐ' எங்கே வந்தாலும் பெரிய எழுத்து, அது நவுனே இல்லை.

இதற்கு நான் கண்ட வழி, அட்டையின் பின்பக்கம் அதே வார்த்தையை முழுக்க முழுக்கப் பெரிய எழுத்தில் மார்க்கரால் எழுதுவது. ஆறு என்ற 'ரிவர்', கங்கை என்ற 'கங்கா' இரண்டும் எழுத்தளவில் ஒரே உயரத்தில் நிற்கும். இப்போது பையன் யோசித்தாக வேண்டும். பின்பக்கம் வெறும் வெள்ளையாக விட்டிருப்பதற்குக் கம்பெனிக்கு நன்றி.

இரண்டாவது விதி இன்னும் வம்பு. 'உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தால் அது ப்ராப்பர் நவுன்' என்று தமிழ்ப் புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். என் பாயிலேயே அபிநயாக்கள் இருக்கிறார்கள், எஸ். அபிநயா, எம். அபிநயா என்று இனிஷியல் போட்டுத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு முழுக்க எத்தனை அபிநயாக்கள் இருப்பார்கள்! அதற்காக அபிநயா காமன் நவுன் ஆகிவிடுமா? இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பெண், "மிஸ், வானம் ஒண்ணுதான இருக்கு, அப்போ ஸ்கை ப்ராப்பர் நவுனா?" என்றாள். கம்பெனியில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

எத்தனை இருக்கிறது என்பது விஷயமே இல்லை. அந்த வார்த்தை என்ன வேலை செய்கிறது என்பதுதான் விஷயம். 'இது என்ன வகை' என்று சொன்னால் காமன். 'இதற்கு வைத்த பெயர் இது' என்று சொன்னால் ப்ராப்பர். நாய் வகை, டாமி பெயர். பெண் வகை, அபிநயா பெயர். அதே பெயரை ஆயிரம் பேருக்கு வைக்கலாம், ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளுக்குத்தான் வைக்கிறோம். "இதுக்கு யாராச்சும் பேர் வச்சாங்களா, இல்ல இது என்னன்னு சொல்லுதா?" என்று கேட்டால் மூன்றாம் வகுப்பே பதில் சொல்லிவிடுகிறது. வானத்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அது வானம், அவ்வளவுதான்.

இனி அந்தத் தமிழ்ப் புத்தகம். இந்தப் பெட்டியில் எனக்குக் கோபம் வந்தது இதில்தான். காமன் நவுனுக்குப் 'பொதுப்பெயர்', ப்ராப்பர் நவுனுக்குச் 'சிறப்புப்பெயர்' என்று போட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ் இலக்கண வகுப்பில் இதே இரண்டு வார்த்தையும் வேறு கணக்கில் வருகின்றன. நன்னூல் பெயர்ச்சொல்லை இடுகுறி, காரணம் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் பொது, சிறப்பு என்று இரண்டாக்குகிறது. மரம் என்பது இடுகுறிப் பொது, மா என்பது இடுகுறிச் சிறப்பு. பறவை காரணப் பொது, மரங்கொத்தி காரணச் சிறப்பு. அதாவது பெரிய வகைக்குள் சின்ன வகை வந்தால் அது தமிழில் சிறப்புப்பெயர். இங்கிலீஷில் கதையே வேறு. மரம், மாமரம் இரண்டும் வகைதான், ஆகவே இரண்டும் காமன் நவுன். பறவையும் காமன், மரங்கொத்தியும் காமன். எத்தனை படி இறங்கினாலும் ஒரு குறிப்பிட்ட மரத்துக்குப் பெயர் வைக்கும்வரை ப்ராப்பர் வராது.

தமிழ் மீடியம் பிள்ளைகள் 'மேங்கோ', 'பேரட்' எல்லாவற்றையும் ப்ராப்பர் நவுன் என்று குறிப்பதற்குக் காரணம் இதுதான். அவர்கள் மக்கு என்பதால் இல்லை, தமிழை ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள் என்பதால். ஐந்தாறு வருடம் முன்பே இதைக் கவனித்து, இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு வேலி போட்டுக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கம்பெனி வந்து வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. அதோடு நிற்கவில்லை, தானும் அதே குழியில் விழுந்திருக்கிறது: ஃப்ரூட்டுக்கு ஜோடியாக மஞ்சள் அட்டையில் 'மேங்கோ', பேர்டுக்கு ஜோடியாக 'பேரட்', ஃப்ளவருக்கு ஜோடியாக 'ரோஸ்'. மூன்றுக்கும் பெரிய எழுத்து வேறு. ரோஸ் என்று பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஒரு பெண் இருப்பாள், அவளைச் சொல்கிறார்கள் என்று சமாளிக்கலாமா என்று பார்த்தேன். படத்தில் ரோஜாப்பூ. மூன்று அட்டையையும் எடுத்து நீலப் பக்கம் போட்டுவிட்டேன். 40-க்கு 40 கணக்கு இப்போது 43-க்கு 37.

மஞ்சளில் 'சம்மர்' என்றும் ஒரு அட்டை இருக்கிறது. ஞாயிறு, திங்கள், ஜனவரி, பிப்ரவரி எல்லாம் ப்ராப்பர், கோடை, குளிர்காலம் சின்ன எழுத்து. ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வழக்கம்தான், வேறு காரணம் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். மொழிகளின் பெயரும் அப்படித்தான், தமிழ் என்று இங்கிலீஷில் எழுதும்போது பெரிய டி. சூரியனை மஞ்சளில் வைத்திருப்பதை மட்டும் மன்னித்துவிடலாம். வானியல்காரர்கள் சூரியனுக்கும் பூமிக்கும் நிலாவுக்கும் பெரிய எழுத்துப் போடுகிறார்கள், மற்றபடி சாதாரண எழுத்தில் சூரியனும் நிலாவும் சின்ன எழுத்துதான்.

மூன்றாவது விதி, ப்ராப்பர் நவுனுக்கு முன்னால் 'ஏ', 'ஆன்', 'தி' வராது என்பது. 'ஏ', 'ஆன்' விஷயத்தில் பெரும்பாலும் சரி. 'தி' விஷயத்தில் இந்த விதியை நம்பினால் பிள்ளை தாமிரபரணியிலேயே மூழ்கிவிடும். ஆற்றின் பெயருக்கு முன்னால் 'தி' வரும், கடலுக்கும் வரும். மலைத்தொடருக்கு வரும், அதனால்தான் 'தி ஹிமாலயாஸ்', 'தி நீலகிரிஸ்'. ஒற்றைச் சிகரத்துக்கு வராது, எவரெஸ்ட் வெறும் எவரெஸ்ட்தான். நாட்டின் பெயருக்கு வராது, ஆனால் 'யுனைட்டெட் ஸ்டேட்ஸ்', 'நெதர்லாண்ட்ஸ்' போன்றவற்றுக்கு வரும். பன்மையும் அப்படித்தான், 'வராது' என்று எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்தால் 'டூ கார்த்திக்ஸ்' என்று தாராளமாகச் சொல்லலாம், பெரிய கே அப்படியே இருக்கும்.

பெட்டியில் இல்லாததைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனி எந்த ஊரில் இருக்கிறதோ தெரியாது, அட்டைகளில் எல்லாம் தாஜ்மஹால், டெல்லி, கங்கைதான். அதனால் என்னிடம் மிச்சமிருந்த கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி எங்கள் ஊர் அட்டைகளை நானே செய்தேன். பெட்டியைவிட அவைதான் நன்றாக ஓடுகின்றன. திருநெல்வேலிக்காரர்களுக்குத் தெரியும், 'டவுனுக்குப் போறேன்' என்றால் ஏதோ ஒரு டவுன் இல்லை, நெல்லையப்பர் கோயில் இருக்கிற டவுன். 'ஜங்ஷன்ல இறங்கு' என்றால் ரயில்வே ஸ்டேஷனைச் சுற்றியிருக்கிற அந்தப் பகுதி. அகராதியில் இரண்டும் காமன் நவுன், எங்கள் வாயில் இரண்டும் ஊர்ப்பெயர். லண்டன்காரர்களுக்கும் இதே பழக்கம் உண்டு. பெரிய சி போட்டு 'தி சிட்டி' என்றால் அங்கே பழைய நகரப் பகுதி, பேங்குகள் இருக்கிற இடம். 'டவுன்' அட்டையைத் தூக்கிக் காட்டினால் எந்தத் தட்டில் போடுவது என்று பாயில் ஒரே சண்டை. வாக்கியத்தைக் கேட்காமல் முடிவு சொல்ல முடியாது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

இருட்டுக்கடையும் அப்படித்தான். இருட்டும் காமன், கடையும் காமன், சேர்ந்தால் தேரடிக்கு எதிரே அல்வாவுக்குக் கூட்டம் நிற்கிற அந்த ஒரு கடை. அல்வா மட்டும் கடைசிவரை காமன் நவுன்தான், திருநெல்வேலி அல்வா என்று சொன்னாலும் திருநெல்வேலிக்குத்தான் பெரிய எழுத்து. பாலமும் நல்ல உதாரணம். தாமிரபரணியின் குறுக்கே 1843-ல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்தை முழுப்பெயரில் எழுதினால் 'பிரிட்ஜ்' என்ற சொல்லுக்கும் பெரிய பி. அடுத்த வரியில் 'அந்தப் பாலத்தைக் கடந்தோம்' என்று எழுதினால் சின்ன பி. அதே பாலம், அதே தண்ணீர். பெயரின் துண்டாக இருக்கும்போது ஒரு எழுத்து, வகையைச் சொல்லும்போது ஒரு எழுத்து.

அம்மா, அப்பா அட்டைகள் நீலத்தில் இருக்கின்றன. பாதி சரி. 'மை மதர்' என்றால் சின்ன எம். 'மை' இல்லாமல் பெயருக்குப் பதிலாக 'மதர் சொன்னாள்' என்று எழுதினால் பெரிய எம். 'ஒரு கலெக்டர்' என்றால் சின்ன சி, ஆளின் பெயருக்கு முன்னால் பட்டமாக ஒட்டினால் பெரிய சி. இதையெல்லாம் மூன்றாம் வகுப்புக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெட்டியின் மேல் 'ஏழு முதல் பதினான்கு வயது வரை' என்று போட்டிருக்கிறார்கள், பதினான்கு வயதுக்கு இதுகூட இல்லாமல் எப்படி?

பெரிய பிள்ளைகளுக்கு நான் சேர்த்த அட்டைகளில் சில: மார்ச் மாதமும் அணிவகுப்பு 'மார்ச்'சும். சீன நாடும் பீங்கான் 'சைனா'வும். துருக்கி நாடும் வான்கோழியும். மெட்ராஸ் நகரமும், அந்த ஊர்ப் பெயரிலேயே இங்கிலீஷ் அகராதியில் சின்ன எம் போட்டு இருக்கிற கட்டம்போட்ட பருத்தித் துணியும். காலிகோ துணி கள்ளிக்கோட்டையிலிருந்து கப்பலேறி சின்ன எழுத்தாகிப் போனது. எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு உதவும் என்று நியூட்டனையும் சேர்த்தேன். ஆள் என்றால் பெரிய என், விசையின் அலகு என்றால் சின்ன என், அலகின் குறியீடு ஒற்றை எழுத்தாக வரும்போது மறுபடி பெரிய என். வாட், வோல்ட், ஆம்பியர் எல்லாவற்றுக்கும் இதே கதை. இந்த ஒரு அட்டைக்காக அறிவியல் டீச்சர் ஒருவர் என்னிடம் போனில் பேசினார், பாராட்டத்தான்.

'ஜெராக்ஸ்' அட்டைக்கு நான் இன்னும் தட்டு ஒதுக்கவில்லை. அது ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பெயர், அவர்களுடைய 914 என்ற மெஷின் 1959-ல் வந்தது. இங்கே தெருவுக்குத் தெரு ஜெராக்ஸ் கடை, உள்ளே இருக்கும் மெஷின் வேறு கம்பெனியாக இருந்தாலும். கம்பெனிகள் தங்கள் பெயர் சின்ன எழுத்துக்கு இறங்குவதை விரும்புவதில்லை, வியாபார உரிமை போய்விடும் என்ற பயம். 'எஸ்கலேட்டர்' ஒருகாலத்தில் ஓட்டிஸ் கம்பெனியின் சொந்தப் பெயர், அமெரிக்காவில் 1950-ல் அந்த உரிமை போய், மாலில் ஏறி இறங்கும் எந்தப் படிக்கட்டுக்கும் பொதுவாகிவிட்டது. பரீட்சையில் 'போட்டோகாப்பி' என்று எழுதிவிடுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், வம்பே இல்லை.

ஒரு பெற்றோர் வந்து, "முக்கியமான வார்த்தைக்கெல்லாம் பெரிய எழுத்துப் போடலாம்தானே மிஸ், ஸ்கூல் சர்க்குலர்லயே போடுறாங்களே" என்று காட்டினார். ஃபீஸ், பேரண்ட்ஸ், யூனிஃபார்ம் எல்லாம் தலை நிமிர்ந்து நின்றன. பள்ளியின் பெயர் வேண்டாம், எல்லாப் பள்ளி சர்க்குலரும் அப்படித்தான் இருக்கிறது. பழைய இங்கிலீஷ்காரர்களும் அப்படி எழுதினவர்கள்தான். 1787-ல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்தைப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட நவுனுக்குப் பெரிய எழுத்து இருக்கும். ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் எல்லா நவுனுக்கும் பெரிய எழுத்துதான், மேசை நாற்காலி உட்பட. இன்றைய இங்கிலீஷ் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது. ஃபீஸ் எவ்வளவு முக்கியமானாலும் சின்ன எஃப்.

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுக்கிறேன். இரண்டு அச்சுக்கும் அட்டைக்கும், அரை அந்த வெள்ளைப் பின்பக்கத்துக்கு. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்து, ஸ்டிக்கர் ஒட்டி மார்க்கர் பிடிக்கப் பெரியவர் ஒருவருக்குப் பொறுமை இருந்தால் வாங்கலாம். புத்தகத்தையும் கோல்டன் ரூல்ஸ் அட்டையையும் பிள்ளை கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். 349 கொடுக்காதீர்கள், கேட்டால் குறைப்பார்கள். கம்பெனி அடுத்த முறை அச்சடிக்கும்போது பார்டரை ஒரே நிறமாக்கி, மாங்காயையும் கிளியையும் உரிய தட்டுக்கு அனுப்பினால் இன்னொரு நட்சத்திரம் தரத் தயார்.

ஆறாம் வகுப்புக்கு மேல் பெட்டியே வேண்டாம். முந்தின நாள் இங்கிலீஷ் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைக் கிழித்து, சிவப்புப் பேனாவோடு கொடுத்துவிடுங்கள். ஆள் பெயர், ஊர், மைதானம், கோப்பை என்று அந்தப் பக்கம் முழுக்கப் பெயராக இருக்கும். தலைப்பு வரிகளையும் விளம்பரத்தையும் விட்டுவிடச் சொல்லுங்கள், அங்கே எல்லா வார்த்தைக்கும் பெரிய எழுத்துப் போட்டுக் குழப்புவார்கள். செய்திக்குள் இருக்கிற ப்ராப்பர் நவுனுக்கு மட்டும் கோடு. 'இந்தியா'வையும் 'சேப்பாக்'கையும் உடனே பிடித்துவிடுவார்கள். 'கேப்டன்' வரும் இடத்தில்தான் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள், அப்போது வாக்கியத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.